வளவைச் சுற்றி ஒரு கம்பி

நகரத்தார் வீட்டுக்கு நெட் சரிபண்ணக் கூப்பிட்டால் நான் முதலில் மோடத்தைப் பார்ப்பதில்லை. கதவுகளைப் பார்ப்பேன். தெருவாசலில் நின்று உள்ளே பார்வையை ஓட்டினால் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வரிசையாகத் தெரியும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் பின்தெரு வெளிச்சம்வரை தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இந்த அமைப்புதான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அந்தக் கோட்டில் ரேடியோ அலை தடையில்லாமல் போகும். கோட்டைவிட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பினால் சுவர்.

நான் காரைக்குடியில் நெட்வொர்க், கேமரா வேலை பார்க்கிறவன். டெலிபோன் கம்பி இழுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு கருவி. முகப்பில் வைத்தால் போதும், பேச வேண்டியவர் எழுந்து வருவார். இப்போது யாரும் எழுந்து வரமாட்டார்கள். பேரனுக்கு மாடியறையில் பெங்களூர் ஆபீஸ் மீட்டிங் ஓட வேண்டும். மருமகள் மூன்றாங்கட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் எடுக்கிறார். ஆச்சிக்குச் சிங்கப்பூரில் இருக்கிற மகளின் முகத்தைக் கட்டிலில் படுத்தபடியே பார்க்க வேண்டும். வீடோ நூறு வருஷத்துக்கு முந்தியது. சுவர் ஒன்றரை அடி, சில இடத்தில் இரண்டடி.

"முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசுன சுவரு தம்பி, அதான் உள்ளாற போகமாட்டேங்குது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாவம், முட்டைமேல் பழி. வழவழவென்று மின்னுகிற அந்தப் பூச்சு சுவரின் மேல்தோல் மட்டும். அலையைத் தின்பது அதற்குப் பின்னால் இருக்கிற செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், அவற்றின் கனமும். ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவர் சித்திரையில் விட்ட அளவுக்குக்கூட சிக்னலை விடாது. தண்ணீர் வைஃபை அலையை நன்றாக உறிஞ்சும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மறுபக்கம் நெட் சுற்றிக்கொண்டே நிற்பதற்கும் இதே காரணம்தான்.

எவ்வளவு தின்கிறது என்பதை எண்ணால் பார்த்துவிடுவது நல்லது. போனில் தெரிகிற விசிறிக் கோடுகளை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் அவற்றை ஒவ்வொரு கணக்கில் போடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலியை இறக்குங்கள். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி இருக்கிறது. போன் செட்டிங்கில் அதன் ஸ்கேனரை இயக்கிவிட வேண்டும். அதில் டிபிஎம் என்ற அளவில், மைனஸ் குறியோடு ஓர் எண் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் ராஜா மாதிரி ஓடும். மைனஸ் 67வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் போகும். 75இல் இழுக்க ஆரம்பிக்கும். 85இல் 'கனெக்டட்' என்று காட்டும், ஒன்றும் திறக்காது. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள்.

சாதாரண ரூட்டரின் ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. டிபிஎம் கணக்கில் பிளஸ் 20. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை திறந்தவெளியில் 10 மீட்டர் போவதற்குள் 60 குறைந்து மைனஸ் 40இல் வந்து நிற்கும். அதுவே அருமையான சிக்னல். இனிச் சுவர்களைக் கழியுங்கள். இந்தக் கனத்துச் சுவர் ஒன்றுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தையும் கல்லையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு சுவர் தாண்டினால் மைனஸ் 55. இரண்டு தாண்டினால் 70. மூன்றாவது சுவருக்குப் பின்னால் 85. முகப்பில் இருக்கும் ரூட்டர் மூன்றாங்கட்டில் ஏன் எடுப்பதில்லை என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தலைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். மைனஸ் 67 என்பது கிளம்பிய சக்தியில் ஐம்பது கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற காது போனுக்கு இருக்கிறது. அதற்கும் கீழே போனால் அதுதான் என்ன செய்யும்?

5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையும் இப்போதைய ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் வருகிறது. வேகம் அதிகம், ஆனால் தூரம் போவதிலும் சுவர் தாண்டுவதிலும் 2.4ஐவிட நோஞ்சான். சென்னை அடுக்குமாடியில் 2.4இல் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும், அதனால் அங்கே 5 பக்கம் ஓடிவிடச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு வீடே அரைத் தெரு. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கும். அதனால் இங்கே 2.4ஐ அணைத்துவிடாதீர்கள். சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஆளில்லாத ஒன்றில் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டால் உள்ளறை டிவிக்கும் கேமராவுக்கும் அது பாட்டுக்கு உழைக்கும். இப்போது வருகிற 6 கிகாஹெர்ட்ஸ் ரூட்டரைக் காட்டி "இதை வாங்கிப் போட்டால் சுவரைத் துளைச்சிடுமா?" என்று கேட்கிறார்கள். துளைக்காது. அலைவரிசை ஏற ஏறச் சுவரிடம் அது தோற்பதும் கூடும்.

எட்டு ஆண்டெனா நீட்டிக்கொண்டு நிற்கும் ரூட்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் உரக்கப் பேசினாலும் போன் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். போனுக்குள் இருப்பது சின்ன பேட்டரி, அதைவிடச் சின்ன ஆண்டெனா. சுவருக்கு அப்பால் போனின் குரல் ரூட்டருக்குக் கேட்கவில்லை என்றால் ரூட்டர் எவ்வளவு கத்தியும் பயனில்லை. "சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா வாட்ஸ்அப்பில் போட்டோ போகமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

ஆண்டெனாவை எப்படி நிறுத்துவது என்பதும் பலருக்குத் தெரியாது. குச்சியின் நுனியிலிருந்து அலை பாய்வதாக நினைத்து அறையைப் பார்த்துக் குறிவைப்பார்கள். நுனிப்பக்கம்தான் மிகக் குறைவு. குச்சியில் மெதுவடையைக் கோத்ததுபோல் பக்கவாட்டில்தான் அலை பரவும். ஒரே தளத்தில் வேண்டுமானால் குச்சியை நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமானால் ஒன்றை மட்டும் படுக்கப்போடுங்கள்.

ரூட்டர் எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதி வியாதி. ஃபைபர் கொண்டுவருகிற பையன் தெருக்கம்பத்திலிருந்து இழுத்து, திண்ணையைத் தாண்டி முகப்பில் ஒரு பிளக் பாயிண்ட் கண்டதும் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவனுக்குக் கணக்கு. வீட்டுக்காரர் அதைத் தூக்கி இரும்பு பீரோமேல் வைப்பார், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். அலையில் பாதி தெருவுக்குப் போய்விடும். மீதியை பீரோ திருப்பி அனுப்பும்.

இரும்பும் கண்ணாடியும் எங்கள் பக்க வீடுகளில் தாராளம். பெல்ஜியம் கண்ணாடி சிக்னலை இழுத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள். இழுக்காது, திருப்பிவிடும்; பின்னால் பூசிய உலோகப் பூச்சுதான் காரணம். ஆளுயரக் கண்ணாடிக்கு நேர் பின்னால் ரூட்டரை வைக்கக்கூடாது, அவ்வளவுதான். தூணிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு காலத்தில் கம்பியில்லா நெட்வொர்க்குக்கே பெரிய தலைவலியாக இருந்தன. ஒரே செய்தி பல வழியாகச் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து குழம்பிவிடும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற வானொலி வானியல்காரரும் கூட்டாளிகளும் அதற்கு வழி கண்டார்கள். தகவலைப் பல மெல்லிய ஓடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்புவது அந்த வழி. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர்களைப் போன்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதால்தான் கண்ணாடியும் இரும்புத் தூணும் நிறைந்த பளபள முகப்பில் இன்று வீடியோ கால் ஓடுகிறது. திரும்புகிற அலையையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ள இப்போதைய ரூட்டர்களுக்குத் தெரியும்.

வளவின்மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2.4 அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5க்கு 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கை நுழைகிற இடைவெளி இருந்தால் பெருமளவு போய்விடும். ஜன்னலில் அடித்திருக்கும் உலோகக் கொசுவலை வேறு விஷயம், அது அலைக்குச் சுவர் மாதிரிதான். நைலான் வலைக்கு மாற்றினால் சில அறைகளில் வேறெதுவும் செய்யாமலே சிக்னல் ஏறும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீடு. பேரன் கம்ப்யூட்டர் வேலை. வருஷத்தில் சில மாதம் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறார். நான் போனபோது வழிநெடுக ரிப்பீட்டர் சொருகியிருந்தது. முகப்பில் ரூட்டர், வளவில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று, அதற்கும் அப்பால் ஒன்று. கடைசி ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் நின்றால் போனில் கோடு முழுதாக இருக்கிறது, மீட்டிங் மட்டும் உறைந்து உறைந்து நிற்கிறது.

"இன்னொண்ணு வாங்கிப் போட்டாச் சரியாயிரும்னு கடையில சொன்னாக தம்பி" என்றார் ஆச்சி.

"இருக்கிறதைக் கழட்டினாலே சரியாகும் ஆச்சி."

"அப்ப ஏன் விக்கிறாக?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரிப்பீட்டர் ஏன் காலை வாருகிறது என்பதைப் பேரனுக்கு விளக்கினேன். ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொல்ல வேண்டிய கருவி அது. கேட்கும்போது சொல்ல முடியாது. அதனால் ஒரு ரிப்பீட்டர் நடுவில் வந்தாலே வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று என்று கோத்தால், 100 எம்பிபிஎஸ் இணைப்பு கடைசி அறைக்குப் பத்துப் பன்னிரண்டாகத் தேய்ந்து வரும். போதாததற்கு, பெரும்பாலானோர் ரிப்பீட்டரை சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் சொருகுகிறார்கள். சிக்னலே வராத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? மைனஸ் 65 வருகிற இடத்தில் வைத்தால் ஓரளவு உதவும். அவசரத்துக்கு ஒன்று போதும், அதற்குமேல் வேண்டாம்.

மெஷ் என்று மூன்று பெட்டியாக விற்பது இதைவிட மேல். நல்ல மெஷ்களில் பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்ளத் தனி ரேடியோ இருக்கும். ஆனால் அந்தப் பேச்சும் இரண்டடிச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பெங்களூரில் பேரனின் நண்பர் வீட்டில் அமோகமாக ஓடும் மெஷ் இங்கே இரண்டாங்கட்டோடு மூச்சு வாங்குவதற்குக் காரணம் அதுதான். மெஷ் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பெட்டியின் முதுகில் லேன் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் அதே மெஷ் வேறு ஆளாகிவிடும்.

கம்பியில்லா நெட்டுக்குக் கம்பிதான் மருந்து என்று நான் சொல்லும்போது வாடிக்கையாளர் முகம் மாறும். வயர் கூடாதென்றுதானே வைஃபை போட்டோம் என்பார்கள். அறைக்குள் வயர் வேண்டாம், சரி. சுவரைத் தாண்டும் வேலையை மட்டுமாவது கம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டடிச் சுவர் 15 டெசிபல் தின்கிறது. அதே சிக்னலை ஒளியாக ஃபைபரில் விட்டால் ஒரு கிலோமீட்டர் போனாலும் அரை டெசிபல்கூடக் குறையாது. செம்பு லேன் கேபிள் 100 மீட்டர்வரை 1,000 எம்பிபிஎஸ் வேகத்தை அப்படியே கொண்டுபோகும். எந்த ரேடியோவும் இந்தச் சுவருக்கு முன்னால் இதற்கு உறை போடக் காணாது.

எங்கே துளைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேதான் செட்டிநாட்டு வீட்டின் சங்கதி வருகிறது. ஒரு வீடு ஒருவருடையது இல்லை. பங்காளிகள் நாலைந்து குடும்பம். ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோவையில், ஒருவர் அமெரிக்காவில். வளவு எல்லோருக்கும் பொது, அறை அவரவருக்கு. பொதுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, இந்த ஊர்களைச் 'செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான இந்திய உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்திருக்கிறார்கள். பழையதைக் கெடுக்கிறோம் என்ற கூச்சம் எல்லோருக்குமே உண்டு. எனக்கும் உண்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சில் சுத்தியல் டிரில்லை வைத்தால் விரல் அளவு ஓட்டைக்கு உள்ளங்கை அளவு சிம்பு பெயர்ந்து விழும். அதே பளபளப்பில் திருப்பிப் பூச ஆள் கிடைப்பது அரிது.

நல்லவேளை, துளைக்கவே தேவையில்லை. கட்டியவர்கள் வழி விட்டிருக்கிறார்கள். நிலைக்கு மேலே காற்றுக்காகச் சின்ன சாளரம் இருக்கும். மின்சாரம் வந்த காலத்தில் மரப்பட்டையில் வயர் ஓட்டியிருப்பார்கள், அதற்கென்று அப்போதே இட்ட துளை இருக்கும். டெலிபோன் கம்பி போன துளைகளும் உண்டு. சில வீடுகளில் அது நானே இழுத்த கம்பி. மழைத்தண்ணீர்க் குழாய் போகிற மூலையும் இருக்கிறது. தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்முதுகில் கேபிளைப் படுக்க வைத்தால் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மின்வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓரடியாவது தள்ளி ஓட்ட வேண்டும், குறுக்கே வெட்டிப் போகிற இடத்தில் நேர்க்குறுக்காகப் போக வேண்டும். தேக்கு உத்தரத்தில் ஆணி வேண்டாம், தேங்காய்நார்க் கயிறோ துணிநாடாவோ போதும்.

கம்பி கொண்டுபோக வேண்டிய முதல் இடம் வளவு. இந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு வைஃபை தெரியாது, ஆனாலும் வைஃபைக்கு ஏற்றபடி கட்டிவைத்திருக்கிறார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அத்தனை அறையின் கதவும் வளவைப் பார்த்து. அதாவது கம்பியில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை வளவின் தாழ்வாரத்தில் வைத்தால், எந்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரிலும் ஒரு மரக்கதவு. மரம் செங்கல் அளவுக்குத் தின்னாது, கதவு திறந்திருந்தால் ஒன்றுமே இல்லை. மேலே வானம் திறந்து கிடப்பதால் மாடித் தாழ்வாரத்துக்கும் அலை தடையில்லாமல் ஏறிவிடும். கனத்த மெட்ராஸ் டெரஸ் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரட்டை வீடு என்று அறைக்குள் அறை இருக்கிறதே, அதில் உள்ளறைக்கு மட்டும் இரண்டு சுவர், அங்கே 2.4தான் கைகொடுக்கும்.

பள்ளத்தூர் வீட்டில் செய்ததும் இதுதான். ஃபைபர்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, முகப்பில் நின்ற ஃபைபரைச் சாளரம் வழியாக வளவின் தென்மேற்கு மூலைக்கு நீட்டிக்கச் சொன்னோம். ஃபைபரை இறுக்கி மடக்காமல், வளைவாக விட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பெட்டியை மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்தோம். அங்கிருந்து ஒரு லேன் கேபிள் பேரனின் மாடியறைக்கு; இன்னொன்று இரண்டாங்கட்டு வாசல் மேல்சாளரம் வழியாகச் சமையல்கட்டுக்கு. இரண்டு முனையிலும் சின்ன ஆக்சஸ் பாயிண்ட். ரிப்பீட்டர்கள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயின. கோயமுத்தூர்ப் பங்காளி ஒருவர் மட்டும் "ஓட்டை போட்டீகளா?" என்று போனில் விசாரித்தார். போடவில்லை என்று படம் எடுத்து அனுப்பினார் பேரன்.

கேபிள் வாங்குவதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கேட் 6 என்று அச்சடித்து, விலையில் பாதிக்குக் கிடைக்கும் சுருள்களில் பல அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூரம் போகப் போக அது இழுக்கும், மடக்கிய இடத்தில் உடையும், கேபிள் வழியே கரண்ட் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு ஆகவே ஆகாது. முழுச் செம்பு கேட் 5இ, பொய்க் கேட் 6ஐவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன். வேகமான பிளான் போட்டும் கம்பியில் சொருகிய லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் 94 எம்பிபிஎஸ் தாண்டாமல் நின்றால் பிளானைக் குறை சொல்ல வேண்டாம். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி இருக்கிறது. 1,000 வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். எங்கோ ஒரு கம்பி கிரிம்ப்பில் சரியாகக் கடிபடவில்லை என்றால் இரண்டு பெட்டியும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். முனையை வெட்டி மறுபடி அடித்தால் தீர்ந்தது. பழைய ரூட்டரில் ஓட்டையே 100க்குத்தான் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிங் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல். ரூட்டர் வேலையை ஒரே பெட்டி பார்க்க வேண்டும். மற்றவற்றை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே இரண்டு தனி நெட்வொர்க் உண்டாகி பிரிண்டர் காணாமல் போகும். ஒளிபரப்புச் சக்தியை எல்லாவற்றிலும் உச்சத்தில் வைப்பதும் தப்பு. போன் வளவிலிருந்து சமையல்கட்டுக்குப் போன பிறகும் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கும். எதை எப்போது விடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். சக்தியை நடுத்தரத்தில் வைத்தால் சீக்கிரம் கைமாறும்.

முக்கியமான ஒன்றைப் பலர் செய்வதே இல்லை. சுவர் வைஃபையைத் தடுப்பதுபோல் செல்போன் டவர் சிக்னலையும் தடுக்கிறது. பெரியவர்கள் போன் வந்தால் திண்ணைக்கு ஓடுவது அதனால்தான். இரவில் இருட்டில், வழுக்குகிற தரையில், இதற்காகவே விழுந்தவர்கள் உண்டு. வைஃபை காலிங் என்று போன் செட்டிங்கில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் சாதாரணக் கால் வீட்டு வைஃபை வழியே வந்துவிடும். தனிச் செயலி வேண்டாம், தனிக் கட்டணம் இல்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. வளவில் ஆக்சஸ் பாயிண்ட் போட்ட அன்றைக்கே வீட்டில் இருக்கிற எல்லாப் பெரியவர்கள் போனிலும் இதைத் தட்டிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். பேரன்கள் மீட்டிங்கைவிட இதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும்.

கார் ஷெட்டோ, தோட்டத்து வீடோ தனியாக இருந்து அங்கேயும் நெட் வேண்டுமென்றால் செம்புக் கம்பியைத் திறந்தவெளியில் ஓட்டாதீர்கள். சித்திரை வைகாசியில் இங்கே இடி சும்மா வராது. கட்டடத்துக்குக் கட்டடம் ஓடும் செம்பு, பக்கத்தில் எங்கோ விழுந்த இடியின் அதிர்ச்சியையும் உள்ளே கொண்டுவந்து ரூட்டர், டிவி, கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஒரே அடியில் கருக்கிவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. உள்ளே எஃகுக் கம்பி சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்கி, ஒளியை லேன் சிக்னலாகவும் லேன் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் சின்னப் பெட்டியை இரண்டு பக்கமும் வைத்தால் போதும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் முகப்புக்கும் படுக்கையறைக்கும்தான் போகும். வளவுத் தாழ்வாரத்துக்கும் மூன்றாங்கட்டுக்கும் போகாது. பெட்டிக்கு ஒரு பேட்டரி வைப்பதற்குப் பதில், லேன் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் ஒன்றை ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்தால் போதும். மாடியும் சமையல்கட்டும் சேர்ந்து ஓடும். ஆக்சஸ் பாயிண்ட் வாங்கும்போதே பிஓஇ உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் எந்த அறைக்குப் போவது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாத வீடுகளில் எது எங்கே போகிறது என்று தேடுவதற்கே என் கூலியில் பாதி போகிறது.